மறவாத வெள்ளணுக்கள்

விரல் நுனியை ஊசியால் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டின்மேல் மெல்லிய ஏடாகப் பரப்பி உலர்த்துகிறோம். அதன்மீது லீஷ்மன் சாயத்தை ஊற்றிச் சிறிது நேரம் வைத்திருந்து, நீரில் அலசி, நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறோம். உடலியல் பயிலும் மாணவர்கள் தொடக்கத்திலேயே செய்யும் சோதனை இது. முதலில் கண்ணிற் படுவன வட்டமான செவ்வணுக்களே. எங்கு நோக்கினும் அவையே. தகட்டை மெல்ல நகர்த்திக்கொண்டு சென்றால், ஊதா நிறமான உட்கருவுடன், செவ்வணுவைக் காட்டிலும் பெரியதாய், ஓர் அணு தனித்துத் தென்படும். அதுவே வெள்ளணு. பெயரைக் கேட்டு வெண்மையான ஒன்றைத் தேடும் மாணவர்கள் ஊதா நிறத்தைக் கண்டு திகைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த நிறம் நாம் ஊட்டிய சாயத்திற்கு உரியது. இயல்பில் அந்த அணுவிற்கு நிறமே இல்லை.

ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் செவ்வணுக்கள் ஏறத்தாழ 50 இலட்சம் இருக்கின்றன. வெள்ளணுக்களோ 4,000 முதல் 11,000 வரைதான். அறுநூறு, எழுநூறு செவ்வணுக்களுக்கு ஒரு வெள்ளணு என்பது கணக்கு. இந்தச் சிறுபான்மையினர்தாம் நம்மை நோய்களினின்றும் காப்பவர்கள் என்று பள்ளிப் பாடநூல்கள் கூறும். உடலின் போர்ப்படை என்று அவற்றிற்குப் பெயரும் சூட்டும். அது தவறன்று, ஆயினும் பாதி உண்மையே. பகைவன் யார், உறவினன் யார் என்று அறியாத படை, தன் நாட்டையே கொளுத்திவிடும் அன்றோ? வெள்ளணுக்களின் பெருமையில் ஒரு பங்கே கொல்லும் திறத்தைச் சார்ந்தது. அயலானை அடையாளம் காண்பதும், ஒருமுறை கண்டவனைப் பல்லாண்டுகள் மறவாதிருப்பதுமே எஞ்சிய பெரும்பங்கு. இதை விளக்கவே இந்தப் பேச்சு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் வெள்ளணுக்களை ஐயக்கண் கொண்டே பார்த்தனர். புண்ணில் கோத்துக்கொண்டிருக்கும் சீழை நுண்ணோக்கியில் பார்த்தால் அதில் நிறைந்திருப்பவை வெள்ளணுக்களே. 1867இல் ஜெர்மானிய அறிஞர் யூலியஸ் கோன்ஹைம், உயிருள்ள தவளையின் மெல்லிய குடற்சவ்வை நுண்ணோக்கியின் கீழ் விரித்து வைத்து, இரத்தக் குழாயின் சுவரைப் பிதுக்கிக்கொண்டு வெள்ளணுக்கள் வெளியேறுவதைக் கண்ணாரக் கண்டார். ஆயினும் அவை எதற்காக வெளியேறுகின்றன என்பது விளங்கவில்லை. அவற்றின் உள்ளே கிருமிகள் காணப்பட்டபொழுதும், கிருமிகள் அங்கே குடிபுகுந்து, அவற்றையே ஊர்தியாகக் கொண்டு உடலெங்கும் பரவுகின்றன என்றுதான் பலரும் எண்ணினர்.

இந்த எண்ணத்தைத் தலைகீழாக மாற்றியவர் இலியா மெச்னிக்காஃப் என்ற ரஷ்யர். அவர் மருத்துவரல்லர், விலங்கியலார். ஒடெஸாப் பல்கலைக்கழகத்தில் வகித்த பதவியைத் துறந்துவிட்டு, 1882இல் குடும்பத்துடன் இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெஸ்ஸினா நகருக்குச் சென்று தங்கினார். ஒருநாள் வீட்டாரெல்லாம் குரங்குகளின் வேடிக்கையைக் காணச் சர்க்கஸுக்குப் போய்விட்டனர். தனித்திருந்த மெச்னிக்காஃப், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீனின் இளம் புழுக்களை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றின் உடலுக்குள் சில அணுக்கள் தாமாகவே ஊர்ந்து திரிந்தன. உடலுக்குள் அயற்பொருள் ஒன்று நுழைந்தால் இவை அதனைச் சூழ்ந்து கொள்ளுமோ என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. தோட்டத்திற்கு ஓடிச் சில முட்களைக் கொண்டுவந்து அந்தப் புழுக்களின் தோலுக்கடியில் செருகினார். இரவு முழுதும் அவருக்கு உறக்கமில்லை. பொழுது விடிந்து பார்த்தால், முட்களைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக் கிடந்தன!

இக்கதையை ஏதோ தற்செயலாய் வாய்த்த நல்வினை போலப் பலர் சொல்வதுண்டு. எனக்கு அது உடன்பாடன்று. குடலற்ற எளிய உயிரினங்கள் தம் உணவை அணுக்களுக்குள்ளேயே செரித்துக்கொள்ளும் விதத்தை மெச்னிக்காஃப் அதற்கு முன்பே பல ஆண்டுகள் ஆராய்ந்திருந்தார். உணவை விழுங்கும் அணு கிருமியையும் விழுங்கக்கூடும் என்று நினைப்பதற்கு அவருடைய மனம் பக்குவப்பட்டிருந்தது. முள் குத்திய இடத்தில் அணுக்கள் கூடுவதை வேறொருவர் கண்டிருந்தால் அதைப் பொருட்படுத்தாமலே போயிருக்கலாம்.

முள் குத்துவதென்றால் நமக்கும் தெரியாததன்று. வரப்பில் நடக்கையில் கருவேல முள் ஒன்று காலில் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முள்ளோடு கிருமிகளும் உள்ளே புகுகின்றன. காயமுற்ற திசுக்கள் சில வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவற்றால் அருகிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கிறது. விரிந்த குழாயின் உட்சுவர், ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்களைப் பற்றிக்கொள்ளும் தன்மையை அடைகிறது. வெள்ளணு வேகம் குறைந்து, சுவரோடு உருண்டு, நின்று, உடலைக் குறுக்கிக்கொண்டு இடைவெளி வழியாக வெளியேறுகிறது. பிறகு, சர்க்கரை சிந்திய இடத்தை எறும்பு தேடி வருவதுபோல, வேதிப்பொருள் மிகுந்த திசையை நோக்கி ஊர்ந்து செல்கிறது. அதற்குக் கட்டளையிடும் தலைவன் எவனும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இவ்வாறு முதலில் வந்து சேர்பவை நியூட்ரோபில் என்னும் வகையின. வெள்ளணுக்களில் பாதிக்கு மேற்பட்டவை இவைதாம். கிருமியை விழுங்கிய நியூட்ரோபில், அதனை ஒரு சிறு பைக்குள் அடைத்து, அதனுள்ளே கொல்லும் பொருள்களைப் பாய்ச்சுகிறது. அவற்றுள் ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். ஊர்க் கிணற்றில் வெளுப்புத்தூள் தூவும்பொழுது நீரிலே உண்டாகிக் கிருமிகளைக் கொல்வதும் இதே அமிலந்தான். நாம் கற்றுக்கொள்வதற்கு எத்தனையோ ஊழிகளுக்கு முன்பே நம் இரத்தம் இந்த வித்தையைக் கற்றிருந்தது! போரில் நியூட்ரோபில்லும் மடிகிறது. மடிந்த அணுக்களும் கிருமிகளும் சிதைந்த திசுவும் சேர்ந்ததே சீழ். அதிற் காணும் இலேசான பச்சை நிறமும், இந்த அமிலத்தை உண்டாக்க உதவும் நொதியின் நிறமே. குவியலைத் துப்புரவு செய்யப் பின்னர் வருபவை பெருவிழுங்கிகள். மோனோசைட்டு என்ற வெள்ளணுக்கள் இரத்தத்தை விட்டு வெளியேறித் திசுக்களில் தங்கும்பொழுது இவையாக மாறுகின்றன.

நியூட்ரோபில்களின் வாழ்நாள் மிகக் குறுகியது. எனவே எலும்பு மச்சை நாள்தோறும் ஏறத்தாழப் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களைப் புதிதாய்ப் படைத்த வண்ணம் இருக்கிறது. புற்றுநோய்க்குத் தரப்படும் கடுமையான மருந்துகள் மச்சையின் இந்த வேலையைத் தடை செய்வதுண்டு. நியூட்ரோபில்கள் கன மில்லிமீட்டருக்கு 500க்கும் கீழே இறங்கிவிட்டால், நம் தோலிலும் குடலிலும் என்றும் குடியிருக்கும் எளிய கிருமிகளே உயிருக்கு உலை வைத்துவிடும். அந்நிலையில் நோயாளிக்குக் காய்ச்சல் ஏறும். ஆனால் சீழ் கட்டாது. சீழாவதற்கு அங்கே அணுக்கள் இல்லை.

மெச்னிக்காஃபின் கொள்கை எளிதில் ஏற்கப்படவில்லை. 1890இல் ஜெர்மனியில் பேரிங் என்பவரும் ஜப்பானியரான கிட்டசாட்டோவும் வேறொன்றைக் கண்டுபிடித்தனர். நோய் நஞ்சை வென்ற விலங்கின் இரத்தத்திலிருந்து அணுக்களையெல்லாம் நீக்கி, எஞ்சிய தெளிந்த நீரை மட்டும் வேறொரு விலங்கிற்குச் செலுத்தினாலும் அது பாதுகாப்புப் பெற்றது. அப்படியாயின் காப்பது நீரா, அணுவா? அறிஞர் உலகம் இரு கட்சியாகப் பிரிந்து பூசலிட்டது. 1903இல் இலண்டனில் ஆல்ம்ராத் ரைட் என்பவர், இரத்த நீரிலுள்ள சில பொருள்கள் கிருமியின்மேல் படிந்த பின்னரே வெள்ளணு அதனை ஆவலுடன் விழுங்குகிறது என்று காட்டினார். இரு கட்சியும் ஒரே உண்மையின் இரு பாதிகள் என்பது அப்பொழுது தெரியலாயிற்று. ரைட்டின் நண்பரான நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா, 1906இல் ஒரு நாடகத்தில் இந்த ஆராய்ச்சியை எடுத்தாண்டு மருத்துவர்களை நையாண்டி செய்தார். 1908ஆம் ஆண்டின் நோபல் பரிசு, அணுக் கட்சியின் மெச்னிக்காஃபுக்கும் நீர்க் கட்சியின் பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கட்சிப் பூசலுக்கு இதைவிட நயமான முடிவு வேறென்ன வேண்டும்?

லிம்போசைட்டுகளைப் பற்றிப் பேசுவதற்கு முன், நம் நாட்டோடு தொடர்புடைய ஈசினோபில் என்னும் வகையை ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறேன். சாயமிட்ட தகட்டில் இதன் உட்புறம் செம்மஞ்சள் மணிகளால் நிறைந்து அழகாக இருக்கும். நூறு வெள்ளணுக்களில் இரண்டு மூன்றுதான் இவ்வகை. புழுக்கள் விழுங்க முடியாத அளவு பெரியவை; ஆகவே ஈசினோபில்கள் தம் மணிகளிலுள்ள நச்சுப் பொருளை அவற்றின்மேல் கொட்டிவிடுகின்றன. இன்றைய ஆந்திர மாநிலத்தின் மதனப்பள்ளிக்கருகே ஆரோக்கியவரத்திலிருந்த காசநோய் மருத்துவமனையில், ஃபிரிமோட் மோலர், பார்ட்டன் என்னும் மருத்துவர்கள் 1940இல் ஒரு விந்தையான நோயை எடுத்துரைத்தனர். நோயாளிகள் இருமினர், நுரையீரலைப் படம் பிடித்தால் காசநோய் போன்றே நிழல்கள் தெரிந்தன. காசநோய்க் கிருமி மட்டும் இல்லை. இரத்தத்திலோ ஈசினோபில்கள் அளவின்றிப் பெருகியிருந்தன. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகளைக் கண்டு ஈசினோபில்கள் அளவுமீறிச் சினந்ததே இதற்குக் காரணம் என்று பின்னர்த் தெளிவாயிற்று. ஒரு வகை அணுவை எண்ணிப் பார்த்ததனால், காசநோயாளி என்று முத்திரை குத்தப்படவிருந்த பலர் சில வார மாத்திரையில் நலம் பெற்றனர்.

இனி லிம்போசைட்டு. பார்வைக்குச் சிறியது, உட்கருவே உடல் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும். விழுங்குவதுமில்லை, விரைந்து ஊர்வதுமில்லை. இதற்கு வேலை ஒன்றுமில்லையோ என்றுகூட ஆராய்ச்சியாளர் சிலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1950களின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டில் ஜேம்ஸ் கோவன்ஸ் செய்த சோதனைகள் இதன் பெருமையை உலகிற்குக் காட்டின. எலியின் நிணநீர் நாளத்திலிருந்து லிம்போசைட்டுகளை வடித்து எடுத்துவிட்டால், புதிய அயற்பொருளை எதிர்க்கும் ஆற்றலை அந்த எலி இழந்துவிடுகிறது; மீண்டும் அவற்றைச் செலுத்தினால் அந்த ஆற்றல் திரும்புகிறது.

ஒவ்வொரு லிம்போசைட்டின் மேற்பரப்பிலும் ஒரே ஒரு வடிவத்தை மட்டும் பற்றிக்கொள்ளக்கூடிய கொக்கிகள் இருக்கின்றன. பக்கத்து லிம்போசைட்டின் கொக்கி வேறு வடிவத்திற்குரியது. இவ்வாறு கோடிக்கணக்கான வடிவங்களுக்குரிய அணுக்கள், கிருமி வருவதற்கு முன்பே நம் உடலில் உள்ளன. ஆஸ்திரேலிய அறிஞர் மெக்ஃபார்லேன் பர்னெட் 1957இல் வெளியிட்ட கொள்கை இது. இதுவரை உலகில் தோன்றாத கிருமி நாளை தோன்றினாலும், அதற்குப் பொருந்தும் ஓர் அணு நம்முள் இன்றே காத்திருக்கக்கூடும். நினைக்க நினைக்க வியப்பூட்டும் செய்தி இது.

ஆனால் ஒரு வடிவத்திற்குரிய அணுக்கள் மிகச் சிலவே. காலில் புகுந்த கிருமியை அவை எப்படிச் சந்திப்பது? அதற்கென்றே அமைந்த சந்தைகள்தாம் நிணநீர்க் கணுக்கள். கிளையுடைய ஒருவகை அணுக்கள் கிருமியின் துணுக்குகளைச் சுமந்துகொண்டு கணுவிற்கு வந்து காட்டி நிற்கின்றன. லிம்போசைட்டுகள் ஒவ்வொன்றாய் வந்து தொட்டுப் பார்த்துச் செல்கின்றன. பொருந்திய அணு அங்கேயே நின்று, ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பெருகுகிறது. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவது இதனால்தான். நெறி கட்டியதைக் கண்டு நோய் முற்றிவிட்டதென்று அஞ்சுவோர் உண்டு. அங்கே பெரும்பாலும் நடந்துகொண்டிருப்பது இந்தப் பெருக்கமே. பெருகுவதற்குச் சில நாள் ஆகின்றமையால், புதிய நோய் ஒன்று நம்மை ஒரு வாரமேனும் படுக்கையில் கிடத்திவிடுகிறது.

லிம்போசைட்டுகள் இரு பெரும் பிரிவின. மச்சையிலேயே முதிர்பவை பி-அணுக்கள். இவை எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. பேரிங் கண்ட காக்கும் நீரின் இரகசியம் இதுவே. நீரும் வெள்ளணுவின் கைவேலைதான். நெஞ்செலும்பின் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பிக்குச் சென்று முதிர்பவை டி-அணுக்கள். தைமஸ் எதற்காக இருக்கிறது என்பதை 1961இல்தான் ஜாக் மில்லர் இலண்டனில் கண்டறிந்தார். அது ஒரு கடுமையான தேர்வு மன்றம். நம் உடலையே பகையென்று பற்றும் அணுக்களும், எதையும் பற்ற இயலாத அணுக்களும் அங்கேயே மடிய நேர்கிறது. நூற்றுக்கு ஐந்துகூடத் தேறி வெளிவருவதில்லை. அத்துணைக் கண்டிப்பிருந்தும் சில தப்பிவிடுகின்றன. குழந்தைப் பருவத்தில் வரும் ஒருவகை நீரிழிவு, கணையத்தின் அணுக்களை இவ்வாறு தன் வெள்ளணுக்களே அழிப்பதனால் விளைவது.

டி-அணுக்களுள் ‘உதவி அணுக்கள்’ என்றொரு வகுப்பு உண்டு. பி-அணு கிருமியைக் கண்டுகொண்டாலும், பெரும்பாலும் உதவி அணுவின் இசைவு கிடைத்த பின்னரே முழு அளவில் எதிர்ப்பொருளைச் சுரக்கும். இரண்டு பேர் கையொப்பமிட்டால்தான் கருவூலம் திறக்கும் என்பது போன்ற ஏற்பாடு. எச்.ஐ.வி. என்னும் நுண்ணுயிர் தாக்குவது இந்த வகுப்பையே. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வினால்தான், இந்நோய் இந்தியாவில் இருப்பது முதன்முதலாக வெளிப்பட்டது. உதவி அணுக்கள் கன மில்லிமீட்டருக்கு 200க்குக் கீழே குறைந்தால், எஞ்சிய வெள்ளணுக்கள் எத்தனை இருந்தும் பயனில்லாமற் போகிறது. மற்றவர்களை அணுக அஞ்சும் காளான்கள்கூட நோயாய்ப் பிடிக்கின்றன. 2004 முதல் நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கப்படும் மருந்துகள் அந்த நுண்ணுயிரை அடக்கி வைக்கின்றன. உதவி அணுக்கள் மீண்டும் உயர்கின்றன. நோயாளி தம் அலுவலைப் பார்த்துக்கொண்டு நெடுநாள் வாழ்கிறார்.

நோய் நீங்கிய பின், பெருகிய லிம்போசைட்டுகளில் பெரும்பாலானவை மடிந்துவிடுகின்றன. ஒரு சிறு பகுதி மட்டும் எஞ்சி நிற்கும். இவையே நினைவணுக்கள். அதே கிருமி மறுமுறை வந்தால், அது வேரூன்றுமுன் இவை விரைந்து பெருகிவிடும். அம்மை வந்து தேறியவர்களே அம்மை கண்டவர்களுக்குப் பணிவிடை செய்யலாம் என்று நம் முன்னோர் வழங்கிய வழக்கத்தில் இவ்வுண்மை அடங்கியிருந்தது. அந்த நினைவு எத்தனை காலம் நிலைக்கும்? இதற்கு விடையாக இயற்கையே ஒரு சோதனையை நடத்தி வைத்தது.

வட அட்லாண்டிக் கடலில் டென்மார்க்குக்குரிய ஃபாரோ தீவுகள் உள்ளன. 1846இல் கோபன்ஹேகனிலிருந்து வந்த ஒரு தச்சரோடு தட்டம்மையும் அங்கே வந்திறங்கியது. தீவுகளில் வாழ்ந்த 7,782 பேரில் 6,000க்கு மேற்பட்டோர் படுத்துவிட்டனர். அரசு அனுப்பி வைத்த இருபத்தைந்து வயது மருத்துவர் பீட்டர் பானும் ஊர் ஊராகச் சென்று கணக்கெடுத்தார். அத்தீவுகளில் அதற்குமுன் தட்டம்மை வந்தது 1781இல். இடைப்பட்ட 65 ஆண்டுகளில் அந்நோய் அங்கே எட்டிப் பார்த்ததேயில்லை. சிறு வயதில், 1781இல், அந்நோயைக் கண்டிருந்த முதியவர்களில் ஒருவர்கூட 1846இல் நோயுறவில்லை என்பதைப் பானும் கண்டார். அறுபத்தைந்து ஆண்டுகள் எவ்வித நினைவூட்டலும் இன்றி நினைவு நிலைத்திருந்தது! ஓர் அணுவே அத்தனை காலம் வாழ்ந்தது என்று இதற்குப் பொருளன்று. நினைவணுக்கள் அவ்வப்பொழுது பிளந்து, தம் கொக்கியின் வடிவத்தை வழித்தோன்றல்களுக்கு ஈந்து செல்கின்றன. எதிர்ப்பொருளைச் சுரக்கும் அணுக்கள் சிலவும் மச்சையில் பல்லாண்டுகள் தங்கிவிடுகின்றன.

இத்துணை அழுத்தமாக நினைவிற் பதியும் தட்டம்மையே, பிற நோய்களின் நினைவை அழித்துவிடுகிறது என்பது விந்தை. 1908இலேயே வியன்னாவின் வான் பிர்கே என்ற மருத்துவர், காசநோயின் நினைவைக் காட்டும் தோற்சோதனை, தட்டம்மை கண்ட குழந்தைகளிடம் சில காலம் மறைந்துபோவதைக் கவனித்தார். காரணம் விளங்க ஒரு நூற்றாண்டு சென்றது. தட்டம்மை நுண்ணுயிர் விரும்பிப் புகும் இடங்களுள் ஒன்று நினைவணுக்களே. அவற்றை அது அழித்துவிடுகிறது. புதிதாய்த் தோன்றும் லிம்போசைட்டுகள் தட்டம்மையை மட்டும் கற்றுக்கொள்கின்றன. 2019இல் வெளியான ஆய்வொன்றில், நெதர்லாந்தில் தடுப்பூசி பெறாத 77 குழந்தைகளின் இரத்தம் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடப்பட்டது. பிற நோய்களுக்கு அவர்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பொருள்களில் நூற்றுக்கு 11 முதல் 73 பங்கு வரை காணாமற் போயிருந்தது. தடிப்பு மறைந்து, தலைக்குத் தண்ணீரும் ஊற்றிய பிறகு, அக்குழந்தைக்குச் சளிக்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் மாறி மாறி வருவதைத் தாய்மார்கள் கண்டிருக்கிறார்கள். முன்பு கற்ற பாடங்களை அந்தக் குழந்தை மீண்டும் நோயுற்றுத்தான் கற்றாக வேண்டும்.

தடுப்பூசியில் உள்ள வலுவிழந்த தட்டம்மை நுண்ணுயிரால் இந்த இழப்பு நேர்வதில்லை. அதே ஆய்வில் தடுப்பூசி பெற்ற குழந்தைகளின் எதிர்ப்பொருள்கள் குறையவில்லை. தமிழ்நாட்டில் தட்டம்மை, ருபெல்லா ஆகிய இரண்டிற்கும் சேர்த்து இடும் ஊசியின் பேரியக்கம் 2017 பிப்ரவரியில் நடைபெற்றது. ஒன்பது மாதம் நிறைந்த குழந்தைக்கு முதல் ஊசியும், 16 முதல் 24 மாதத்திற்குள் இரண்டாம் ஊசியும் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி இடப்படுகின்றன.